ஒட்டகத்தைக் கட்டிய பிறகும்



2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து பயிற்சிக்காகப் புறப்பட்ட செஸ்னா 172 வகைச் சிறு விமானம் ஒன்று, பறந்துகொண்டிருக்கும்போதே கோளாறுற்று, திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூருக்கு அருகிலுள்ள அம்மாச்சத்திரத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. பேருந்தும் லாரியும் ஓடும் சாலை அது. விமானத்தில் இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். அல்ஹம்துலில்லாஹ்.

சாலையின் நடுவே விமானம் நிற்கும் அந்தக் காட்சி, அன்று மாலைக்குள் காலாப்பட்டில் நம் வீடுகளின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதனோடு இரண்டு வகையான பேச்சுகளும் வந்தன. விமானியின் திறமை காப்பாற்றியது என்றனர் ஒரு சாரார். பயண துஆ ஓதியவர்களுக்கு இப்படித்தான் நடக்கும், அதை ஓதாமல் வீட்டைவிட்டுப் புறப்படாதீர்கள் என்றனர் மற்றொரு சாரார். இரண்டாவது பேச்சு நன்னோக்கத்தில் எழுந்தது. பிள்ளைகளுக்கு துஆவின் மீது பற்று வர வேண்டும் என்பதே அதைப் பகிர்ந்தோரின் விருப்பம். எனினும், அது யார் காதில் விழுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாம் பாடம் நடத்தும் மக்தபில் மறுநாள் இந்தச் செய்தியே பேச்சாக இருந்தது. பெரிய பிள்ளைகளில் ஒருவன், துஆ ஓதியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்று தான் கேட்டதை அப்படியே ஒப்புவித்தான். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் தலை நிமிர்த்தி, "எங்கத்தாவும் துஆ ஓதிட்டுத்தான் வண்டிய எடுத்தாங்க, ஹஜ்ரத். ஹெல்மெட்டும் போட்டிருந்தாங்க" என்றான். வேறொன்றும் அவன் சொல்லவில்லை. அவனுடைய தந்தை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிகழ்ந்த விபத்தில் வஃபாத்தானவர். வகுப்பு அடங்கிப் போயிற்று.

அச்சிறுவனின் சொற்களுக்குள் ஒரு கேள்வி இருந்தது. பிழைத்தவர் பிழைத்தது துஆவினால் என்றால், இறந்தவருடைய துஆ என்னவாயிற்று? அவன் ஒருவனுக்கான கேள்வியன்று அது. நம் ஊர்களில் பிள்ளையை, கணவனை, தந்தையை இழந்த வீடு எதுவோ, அங்கெல்லாம் வாய்விட்டுக் கேட்கப்படாமல் அந்தக் கேள்வி இருந்துகொண்டிருக்கிறது. ஆகவே, ஒரு விமானம் பழுதுற்றுத் தரையிறங்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும், நம் மார்க்கம் அதைப் பற்றி என்ன கற்றுத் தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப் போல விழுவதில்லை. இறக்கைகள் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது சறுக்கியபடி முன்னேறிச் செல்லும். செஸ்னா 172 விமானம் ஒரு மீட்டர் கீழிறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் முன்னே செல்லக்கூடியது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் இயந்திரம் நின்றால், காற்றில்லாத வேளையில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இடம் தேடிக்கொள்ளலாம். எனவே விமானிக்கு உயரம் என்பது நேரம். நேரம் என்பது தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு.

அந்த வாய்ப்பு மிகக் குறைவாகக் கிடைப்பது, வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானிக்கு. 1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் நகருக்கு அருகே, புழு தின்ற மரங்களின் மீது ஒரு பழைய இராணுவ விமானத்திலிருந்து நச்சுப்பொடி தூவியதே இத்தொழிலின் தொடக்கம். நம் நாட்டிலும் இதற்கெனவே ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த 'பசந்த்' என்னும் ஒற்றை இருக்கை விமானம் 1972-இல் முதன்முறை பறந்தது. இவ்வகை விமானங்கள் பயிருக்கு மேல் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் பறப்பவை. அங்கே இயந்திரம் நின்றால் விமானியிடம் உயரம் இல்லை; ஓடிக்கொண்டிருக்கும் வேகம் மட்டுமே எஞ்சும். அந்த வேகத்தைச் செலவிட்டுச் சற்று மேலெழும்பலாம். தொட்டியில் இருக்கும் மருந்தை ஒரே இழுப்பில் கொட்டிவிட்டுப் பாரத்தைக் குறைக்கலாம். பிறகு முன்னால் எது இருக்கிறதோ அதில் இறங்க வேண்டியதுதான். புறப்பட்ட ஓடுதளத்துக்குத் திரும்பிவிடலாம் என்று தாழ்ந்த உயரத்தில் விமானத்தை வளைக்க முயன்று உயிரிழந்தோர் பலர். ஆகவேதான், உயரம் இல்லாதபோது திரும்பாதே, நேரே இறங்கு என்று பயிற்சியிலேயே கற்றுத்தருகின்றனர்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழி ஒன்று நினைவுக்கு வருகிறது. பயன் தருவதில் முயற்சி செய்யுமாறும், அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும், சோர்ந்துவிட வேண்டாம் என்றும் ஏவிய நபி (ஸல்) அவர்கள், ஒன்று நேர்ந்துவிட்ட பிறகு அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று பேசிக்கொண்டிருப்பதைத் தடுத்தார்கள். அந்தப் பேச்சு ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று எச்சரித்தார்கள். நின்றுபோன இயந்திரத்தை எண்ணி வருந்த விமானிக்கு நேரமில்லை. எதிரில் இருக்கும் நிலத்தைப் பார்ப்பதே அவருக்கு அப்போதைய கடமை.

அந்தச் சில நொடிகளில் கை தானாக இயங்குவதற்குக் காரணம் முன்பே பழகிய பழக்கம். ஒவ்வொரு பயிற்சி விமானிக்கும் ஆசிரியர் இதைப் பலமுறை செய்து காட்டுகிறார். நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே விசையைக் குறைத்துவிட்டு, "உன் இயந்திரம் நின்றுவிட்டது, என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார். மாணவர் சரியான வேகத்தைப் பிடிக்க வேண்டும், இடம் தேர வேண்டும், காரணத்தைச் சோதிக்க வேண்டும், பிறகே வானொலியில் பேச வேண்டும். விமானத்தை ஓட்டுவது முதலில், வழி தேடுவது அடுத்து, செய்தி சொல்வது அதற்கும் அடுத்து என்பது உலகெங்கும் உள்ள விமானிகள் படிக்கும் பாடம். உண்மையான பொறுமை என்பது முதல் அடி விழும் கணத்தில் காட்டுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததன் பொருளை, இப்பயிற்சியைப் பார்க்கும்போது தெளிவாக உணர முடிகிறது. அந்தக் கணத்துக்கான ஸப்ர் அந்தக் கணத்தில் பிறப்பதில்லை. நலமான நாட்களில் சேர்த்துவைத்தது அப்போது வெளிப்படுகிறது.

விமானியின் பழக்கத்துக்கும் முந்தியது, விமானத்தை வடிவமைத்தவரின் முன்யோசனை. 1950-இல் டெக்சாஸில் பிரெட் வைக் என்னும் பொறியாளர், வேளாண் பணிக்கென்றே 'ஏஜி-1' என்ற விமானத்தை உருவாக்கினார். விமானியின் இருக்கையை உயரமாகவும், மருந்துத் தொட்டிக்குப் பின்னாலும் அமைத்தார். மோதல் நேர்ந்தால் முதல் அடியை முன்பகுதியும் தொட்டியும் தாங்கிக்கொள்ளும். விமானி பிழைக்க இடமுண்டு. பின்னால் வந்த வேளாண் விமானங்கள் பலவும் இவ்வழியைப் பின்பற்றின. இந்த விமானம் ஒருநாள் விழக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, முகம் தெரியாத ஒருவரின் உயிருக்காக ஒரு மனிதர் மேசையில் அமர்ந்து சிந்தித்திருக்கிறார்.

நம் வரலாற்றிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு காற்றில் மிதந்தார் என்று பின்னாளைய வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதுகிறார். அவர் மேலெழுந்து சென்றார்; இறங்கும்போதுதான் முதுகில் காயமுற்றார். பறவை இறங்குவதற்கு வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை என்பது அக்குறிப்பு. அல்லாஹ் பறவைக்கு இறக்கையோடு வாலையும் கொடுத்திருக்கிறான். பறப்பதற்கு ஓர் இல்ம் உண்டென்றால், இறங்குவதற்கும் ஓர் இல்ம் உண்டு.

இனி, அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கலாமா, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று வினவியவரிடம், முதலில் கட்டுமாறும் பிறகு அல்லாஹ்வைச் சார்ந்திருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதியில் உள்ளது. இதை நாம் எல்லோரும் அறிவோம்; ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், கட்டிய ஒட்டகம் ஒருபோதும் காணாமல் போகாது என்று அந்த ஹதீஸ் எங்கும் வாக்களிக்கவில்லை. கட்டுவது நம் வேலை. காப்பது அவன் அதிகாரம். கட்டிய பிறகும் அது போய்விட்டால், கட்டியவன் குற்றவாளியாக மாட்டான். அவனுடைய தவக்குலும் பொய்யாகிவிடாது.

பயண துஆவும் அப்படியே. குர்ஆனின் 43-ஆம் அத்தியாயத்தில் இடம்பெறும் அந்தச் சொற்களின் பொருளைப் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்லித் தாருங்கள். இந்த வாகனத்தை வசப்படுத்தித் தந்தவனைத் துதிக்கிறோம்; நம் ஆற்றலால் இதை அடக்கியிருக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறோம்; முடிவில் நம் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள் நாம் என்று கூறி நிறைவு செய்கிறோம். வாகனத்தில் ஏறும்போதே மறுமைப் பயணத்தையும் நினைவூட்டும் வசனங்கள் அவை. அவற்றை ஓதிப் புறப்பட்டு, வீடு திரும்பாமல் இறைவனிடம் திரும்பிய ஒருவரின் துஆ வீணாகிவிட்டது என்று எவ்வாறு கூற முடியும்?

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஜுகோவ்ஸ்கி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட யூரல் ஏர்லைன்ஸ் விமானத்தின் இரு இயந்திரங்களையும் கடற்பறவைகள் தாக்கின. விமானி தாமிர் யூசுபோவ், சக்கரங்களை இறக்காமலேயே எதிரே இருந்த மக்காச்சோள வயலில் விமானத்தை இறக்கினார். அதிலிருந்த 233 பேரும் உயிர் பிழைத்தனர். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், சில நூறு அடி உயரமே எழும்பிய நிலையில் விசையிழந்து கீழிறங்கியது. அங்கே எதிரில் இருந்தது கட்டடங்கள் நிறைந்த நகரம். விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தனர். ஒருவர் மட்டும் பிழைத்தார். முதல் விமானத்தில் துஆ இருந்தது, இரண்டாவதில் இல்லை என்று ஈமானுள்ள எவரேனும் சொல்லத் துணிவாரா? அந்த 241 பேரில் தஸ்பீஹ் விரலோடு இருந்தவர் யார், கண்ணீரோடு கையேந்தியவர் யார் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மக்தபில் அன்று நாம் பிள்ளைகளுக்குச் சொன்னது அம்வாஸ் கொள்ளைநோயின் வரலாறு. ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே நோய் பரவியிருப்பதை வழியில் அறிந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு புறம் செழித்தும் மறு புறம் வறண்டும் கிடக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே என்று உவமையும் கூறினார்கள். இறங்குவதற்கு வயலைத் தேர்ந்தெடுக்கும் விமானியும் இதையே செய்கிறார். அவர் விதியை வெல்லவில்லை. விதிக்குள்ளேயே நல்ல நிலத்தைத் தேடுகிறார்.

அவ்வரலாற்றின் மீதிப் பகுதியைத்தான் நாம் அடிக்கடி சொல்லாமல் விட்டுவிடுகிறோம். திரும்பிய உமர் (ரலி) அவர்கள் அந்நோயிலிருந்து பாதுகாப்புப் பெற்றார்கள். தம் மக்களோடு தங்கிய அபூ உபைதா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். இருவரும் சொர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் உள்ளவர்கள். பிழைத்தவரின் துஆ உயர்ந்தது, இறந்தவரின் துஆ தாழ்ந்தது என்று இந்த உம்மத்தில் எவரும் கூறியதில்லை.

மேலும், நீரில் மூழ்கியும், இடிபாட்டில் சிக்கியும், கொள்ளைநோயாலும், தீயாலும் இறக்கும் முஸ்லிம்களுக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்று ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. இன்றைய சாலை விபத்தில் இறப்போருக்கும் அந்த அருள் கிட்டும் என்று உலமாக்கள் பலர் ஆதரவு வைக்கின்றனர். இன்னார் ஷஹீத் என்று உறுதி கூறும் உரிமை நமக்கில்லை. நல்லெண்ணம் கொள்ளும் கடமை நமக்குண்டு. பாவமற்ற எந்த துஆவும் வீண்போவதில்லை. கேட்டது இங்கேயே தரப்படும், அல்லது மறுமைக்குச் சேர்த்துவைக்கப்படும், அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு தடுக்கப்படும் என்ற நபிமொழியையும் அன்று விளக்கினோம். அச்சிறுவன், "அப்ப எங்கத்தா ஓதினது அங்க இருக்குமா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். "இன்ஷா அல்லாஹ், அல்லாஹ்கிட்ட எதுவும் தொலஞ்சு போறதில்ல, தம்பி" என்றோம்.

பிழைத்தவருக்கும் ஒரு பாடம் உண்டு. கடலில் துன்பம் சூழும்போது அல்லாஹ்வை மட்டும் அழைத்துவிட்டு, கரை சேர்ந்தபின் அவனை மறந்துவிடும் மனிதர்களைக் குர்ஆன் 17-ஆம் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. உயிர் தப்புவது பரிசு மட்டுமன்று, சோதனையும் ஆகும். அவ்வாறே, விமானிக்கு நன்றி கூறுவதும் ஷிர்க்கின் வாசல் அன்று. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகமாட்டான் என்பது நபியவர்களின் போதனை. விமானியின் கையும், அவருக்குக் கற்பித்த ஆசிரியரும், பொறியாளரின் முன்யோசனையும், எதிரில் கிடந்த திறந்த நிலமும் அல்லாஹ் அமைத்த ஸபபுகளே. திறமையா துஆவா என்று இரண்டையும் மோதவிடுவது, உழவா மழையா என்று கேட்பதைப் போன்றது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. தெளிப்பு விமானி உயிர் காக்க மருந்தைக் கொட்டும்போது, அது யாரோ ஒருவருடைய நிலத்தில் விழுகிறது. விமானம் இறங்கிய வயலில் யாரோ ஒருவருடைய விளைச்சல் மடிகிறது. இதற்கு நம் ஃபிக்ஹில் தெளிவான விதி இருக்கிறது. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டநூலின் 33-ஆம் விதி, ஒருவருடைய நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்ற கருத்தைக் கூறுகிறது. பசியால் சாகும் நிலையில் ஒருவர் பிறர் ரொட்டியை எடுத்து உண்ணலாம். பிறகு அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும் என்பது அதற்கான எடுத்துக்காட்டு. உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் நிலத்துக்காரரின் ஹக்கை மறந்துவிடக் கூடாது. நம் வாழ்விலும் நெருக்கடியில் கைமாற்று வாங்குகிறோம், வாக்குறுதியைத் தள்ளிப்போடுகிறோம். நெருக்கடி, பாவத்தை நீக்கலாம், கடனை நீக்காது.

ஆகவே, நம் குடும்பங்களிலும் இறங்கும் பயிற்சி வேண்டும். புதுவைப் பல்கலைக்கழக வாசலைக் கடந்து விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு நாளும் நம் பிள்ளைகள் செல்கிறார்கள். பக்கத்துத் தெருவரை என்றாலும் தலைக்கவசத்தின் வாரைக் கட்டிவிட்டு, பிறகு துஆ ஓதச் சொல்லுங்கள். வார் கட்டுவது ஒட்டகத்தைக் கட்டுவது. கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் எழுதிவையுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழி. நம்மில் பலர் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். வீட்டின் முக்கியத் தாள்கள் எங்கே இருக்கின்றன, அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்பதை மனைவியும் மூத்த பிள்ளையும் அறிந்திருக்கட்டும். உறவினரோடு உள்ள பகையைத் தீர்த்துவிடுங்கள். இறங்கும்போது பாரம் குறைவாக இருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் செய்த ஒருவர், அடுத்த திருப்பத்திலேயே அல்லாஹ்விடம் அழைத்துக்கொள்ளப்படலாம். அப்போது அவர் வீட்டுக்குச் செல்லும் நாம், பிழைத்தவர்களின் கதைகளை அங்கே சொல்லாதிருப்போம். அந்த வீட்டுப் பிள்ளையின் தலையில் கைவைத்து, உன் தந்தை கட்ட வேண்டியதைக் கட்டினார், ஓத வேண்டியதை ஓதினார், இப்போது தம் இறைவனிடம் இருக்கிறார் என்று சொல்வோம்.

வல்ல அல்லாஹ், நலமான நாட்களில் அவனை நினைவுகூரும் நற்பேற்றையும், அடி விழும் முதல் கணத்தில் ஸப்ரையும் நமக்குத் தந்தருள்வானாக. நமக்கு முன் சென்ற முஃமின்கள் அனைவரின் கப்ருகளையும் ஒளிமயமாக்கி வைப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.